மேப்பிள் சிரப் நல்ல பொருள்தான், ஆனால் அது மருந்து இல்லை



ஆலய மடப்பள்ளியில் தொண்டு செய்யும் எங்களிடம் கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வருது. "ஏன் இன்னும் சீனியும் வெல்லமும் போடுறீங்க? மேப்பிள் சிரப் போட்டா என்ன? அது மரத்திலேருந்து வர்ற இயற்கையான பொருளாச்சே, இனிப்பு நீர் உள்ளவங்களும் சாப்பிடலாமே?" நவராத்திரிக்கு உபயம் எடுத்திருக்கும் ஒரு குடும்பம், சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லத்துக்குப் பதிலா மேப்பிள் சிரப் வாங்கித் தர்றோம் என்று நல்ல மனசோடு கேட்டாங்க. புலனக் குழுவிலும் இதே பேச்சுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்வதை விட, எங்கள் கருத்தை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

முதலில் எங்கள் முடிவைச் சொல்லிடுறோம். மேப்பிள் சிரப் நல்ல பொருள். வசதி இருந்தால் வாங்கி வீட்டில் சமைங்க, ருசியா இருக்கும். ஆனால் அதுவும் சீனிதான். இனிப்பு நீர் உள்ள ஒருவரிடம் "இது பரவாயில்ல, சாப்பிடுங்க" என்று ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். இனி காரணத்தைச் சொல்றோம்.

மேப்பிள் என்பது குளிர் நாட்டு மரம். கனடா நாட்டுக் கொடியில் சிவப்பா ஒரு இலை இருக்கே, அது இந்த மரத்தின் இலைதான். கனடாவில் கியூபெக் மாநிலமும், அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலமும் இந்தத் தொழிலுக்குப் பேர் போனவை. உலகத்தில் விற்கும் மேப்பிள் சிரப்பில் பெரும் பங்கு கியூபெக்கில் இருந்துதான் வருது. வெள்ளைக்காரர்கள் அங்கே போய் இறங்குவதற்கு முன்பே, அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் இந்த மரத்தின் நீரை எடுத்துக் காய்ச்சத் தெரிந்து வைத்திருந்தாங்க.

குளிர்காலம் முடிகிற நேரத்தில், ராத்திரி தண்ணீர் உறையும் குளிரும் பகலில் கொஞ்சம் வெயிலும் இருக்கிற சில வாரங்களில்தான் மரத்தில் நீர் ஓடும். மரத்தில் சின்னதா ஒரு துளை போட்டு, குழாய் பொருத்தி, சொட்டுச் சொட்டா பிடிப்பாங்க. அந்த நீரைக் குடித்துப் பார்த்தால் லேசான இனிப்புதான் தெரியும். ஏன்னா அதில் சீனி 2 விழுக்காடு அளவுதான் இருக்கும், மீதி தண்ணீர். அதைக் கொதிக்க வைத்துத் தண்ணீரை விரட்டணும். ஏறக்குறைய 40 லிட்டர் நீர் காய்ச்சினால் 1 லிட்டர் சிரப் கிடைக்கும். கொதிக்கும் பாகு 104 பாகை செல்சியஸைத் தொட்டால் பதம் வந்தாச்சு என்று இறக்குவாங்க. நம்ம வீட்டுல பாட்டி விரலில் தொட்டுக் கம்பிப் பதம் பார்ப்பாங்க, அங்கே வெப்பமானி வைத்துப் பார்க்கிறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். பனை மரத்துப் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. தென்னம்பாளையின் நீரைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றினால் நம்ம ஊர் குலா மலாக்கா. சரவாக்கில் நீப்பா மரத்தின் நீரைக் காய்ச்சி குலா அப்போங் செய்றாங்க. கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம். செடியும் மரமும் கொடுக்கிற இனிப்பு நீரை மனுஷன் நெருப்பில் வைத்துக் கெட்டியாக்குகிறான். மேப்பிளும் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான். குளிர் நாட்டில் பிறந்த ஒன்றுவிட்ட தம்பி என்று வச்சுக்கலாம்.

அப்போ "இயற்கை" என்ற வார்த்தையை வைத்து மட்டும் முடிவு எடுக்கக் கூடாது. கரும்பும் இயற்கைதான். கேள்வி என்னன்னா, போத்தலுக்குள்ள என்ன இருக்கு?

எங்களில் பாதிப் பேர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவங்க. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. லேபிளைப் படிக்காமல் எந்த டிரம்மையும் திறக்கக் கூடாது. யார் சொன்னாலும் சரி, என்ன சொன்னாலும் சரி, லேபிள் என்ன சொல்லுதுன்னு பார்க்கணும். மடப்பள்ளியிலும் நாங்கள் அப்படித்தான். மேப்பிள் சிரப்பையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தோம்.

அதில் மூன்றில் இரண்டு பங்கு சீனி. மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தச் சீனியும் வேறு ஏதோ அதிசயச் சீனி இல்லை, சுக்ரோஸ். நம்ம டப்பாவில் இருக்கும் வெள்ளைச் சீனியும் அதே சுக்ரோஸ்தான். ஒரு மேசைக்கரண்டி மேப்பிள் சிரப்பில் சுமார் 12 கிராம் சீனி இருக்கு. ஒரு மேசைக்கரண்டி வெள்ளைச் சீனியும் ஏறக்குறைய 12 கிராம்தான். கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் உடம்புக்குள் போகிற சீனி ஒன்றுதான்.

"ஆனா அதில் சத்து இருக்கே?" என்று கேட்பீங்க. இருக்கு, மறுக்கல. மாங்கனீஸ் நல்ல அளவில் இருக்கு, ரைபோபிளேவின் என்ற வைட்டமினும் இருக்கு. வெள்ளைச் சீனியில் அது எதுவும் இல்லை. ஆனால் அதே மாங்கனீஸ் நாம் சாப்பிடும் கடலையிலும் தவிடு நீக்காத அரிசியிலும், ஏன், குடிக்கிற தேநீரிலும் இருக்கு. அதுக்காகச் சீனிப் பாகைக் குடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டால் போதும். அதை நாங்களே வெள்ளிக்கிழமை தோறும் கொடுத்துக்கிட்டுதான் இருக்கோம்.

இன்னொரு வாதம், "கிளைசெமிக் எண் கம்மி" என்பது. உண்மைதான். மேப்பிள் சிரப்புக்கு 54 அளவில் சொல்றாங்க, வெள்ளைச் சீனிக்கு 65 அளவில். கொஞ்சம் மெதுவா ஏறும். ஆனால் ஏறாது என்று அர்த்தம் இல்லை. மெதுவா ஏறுதேன்னு இரண்டு மடங்கு சாப்பிட்டால் அந்த வித்தியாசம் எங்கே போச்சு? உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சீனி அளவு பற்றி வழிகாட்டி வெளியிட்டது. குறைக்க வேண்டிய சீனி எது என்று சொல்லும்போது தேன், சிரப், பழச்சாறு இவற்றில் உள்ள சீனியையும் சேர்த்தேதான் அது சொல்லுது. ஒரு நாளைக்குச் சாப்பிடும் மொத்தச் சக்தியில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கணும், 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்கிறது. சாதாரணமா ஒரு பெரியவருக்கு 5 விழுக்காடு என்றால் 25 கிராம் அளவு. இரண்டு மேசைக்கரண்டி மேப்பிள் சிரப் ஊற்றினாலே அந்தக் கணக்கு முடிஞ்சது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றோம் என்றால், நம்ம சமூகத்தின் நிலைமை அப்படி. மலேசியாவில் 2023-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று தெரிய வந்தது. ஆறு பேரில் ஒருவர். இனவாரியா பார்த்தால் இந்தியர்களிடையேதான் இந்த நோய் விகிதம் அதிகம் என்று இந்தக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லி வருது. இதைப் புள்ளிவிவரமா மட்டும் நாங்கள் பார்க்கல. அன்னதான வரிசையில் நின்று பரிமாறுகிறவர்கள் நாங்கள். போன வருஷம் நடந்து வந்தவர் இந்த வருஷம் சக்கர நாற்காலியில் வருகிறார். காலில் கட்டோடு வருகிறவங்களைப் பார்க்கிறோம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்விட்டு, மிச்ச நாளில் சாமி கும்பிட வருகிறவங்களையும் பார்க்கிறோம்.

ஒரு பாட்டி எங்கள் ஆலயத்துக்குத் தவறாமல் வருவாங்க. பிரசாதம் வாங்கினால் ஒரு விரல் நுனியில் எடுத்து வாயில் வச்சுட்டு, மிச்சத்தைப் பேரனிடம் கொடுத்துடுவாங்க. அவ்வளவு கட்டுப்பாடு. ஒரு விசேஷத்தில் யாரோ வீட்டில் செய்து கொண்டு வந்த கேக்கைக் கொடுத்து, "பாட்டி, இது மேப்பிள் சிரப் போட்டது, சீனியே இல்ல, நல்லா சாப்பிடுங்க" என்றாங்க. பாட்டி நம்பி மூன்று துண்டு சாப்பிட்டாங்க. அன்று ராத்திரி அவங்க வீட்டில் குத்திப் பார்த்தால் ஷுகர் எகிறியிருக்கு. கொடுத்தவங்க கெட்ட எண்ணத்தில் கொடுக்கல, அன்பாகத்தான் கொடுத்தாங்க. ஆனால் இத்தனை வருஷமா அந்தப் பாட்டி கட்டிக் காத்த கட்டுப்பாட்டை "சீனியே இல்ல" என்ற ஒரு சொல் உடைச்சிடுச்சு. சீனி போட்ட கேக் என்று சொல்லியிருந்தால் அவங்க ஒரு விரல் நுனியோடு நிறுத்தியிருப்பாங்க. எங்களுக்குப் பயம் மேப்பிள் சிரப் மேல இல்லை, அந்தச் சொல் மேலதான்.

சரி, வீட்டுச் சமையலுக்கு வருவோம். மேப்பிள் சிரப்பை நாங்கள் வேண்டாம் என்று சொல்லல. கனடாவில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள் நம்மிடையே இருக்காங்க. டொரோண்டோவில் இருந்து வரும்போது இலை வடிவத்தில் ஒரு கண்ணாடிப் போத்தல் கொண்டு வந்து கொடுப்பாங்க. அதை அலமாரியில் அழகுக்கு வைக்காமல் சமையலுக்குப் பயன்படுத்துங்க. எங்கள் குழுவில் உள்ள அம்மாமார்கள் முட்டை சேர்க்காத வாழைப்பழக் கேக், கேழ்வரகு பிஸ்கட் எல்லாம் இதில் செய்து பார்த்தாங்க. அவங்க சொன்னதையும், பொதுவாக எல்லாரும் பின்பற்றுகிற அளவையும் சேர்த்துச் சொல்றோம்.

வாங்கும்போது: முன் பக்கப் படத்தைப் பார்க்காதீங்க, பின் பக்கம் பொருள் பட்டியலைப் பாருங்க. உண்மையான மேப்பிள் சிரப் என்றால் அதில் மேப்பிள் சிரப் என்ற ஒன்று மட்டும்தான் இருக்கும். பேன்கேக் சிரப் என்று மலிவாக விற்பது வேற. அது பெரும்பாலும் சோளப் பாகில் வாசனையும் நிறமும் சேர்த்தது. நிறத்தில் பொன்னிறத்தில் இருந்து கறுப்பு வரை பல வகை உண்டு. நிறம் தரத்தைக் காட்டுவது இல்லை. பருவத்தின் ஆரம்பத்தில் எடுத்தது வெளுப்பா, மென்மையா இருக்கும். கடைசியில் எடுத்தது கறுப்பா, வாசனை தூக்கலா இருக்கும். கேக்குக்குக் கறுப்புதான் நல்லது.

அளவு: 1 கப் சீனி போட வேண்டிய இடத்தில் முக்கால் கப் சிரப் போதும். சிரப்பில் தண்ணீர் இருப்பதால், பால் தண்ணீர் போன்றதில் 3 மேசைக்கரண்டி குறைச்சுக்கோங்க. கால் தேக்கரண்டி சோடா உப்பு சேர்க்கலாம். சீக்கிரம் சிவந்துவிடும், அதனால் அடுப்பின் சூட்டை 15 பாகை குறைத்து வைங்க.

எதுக்குப் பொருந்தும்: ஓட்ஸ் கஞ்சி, வாழைப்பழக் கேக், பூசணியும் சக்கரைவள்ளிக் கிழங்கும் வாட்டும்போது மேலே ஒரு கரண்டி, ஆப்பத்துக்குத் தேங்காய்ப் பாலோடு. பாயசத்தில் ஊற்ற நினைத்தால் வெல்லத்துக்குச் செய்வது போலவே அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறின பிறகு ஊற்றுங்க. இல்லாட்டி பால் திரியலாம்.

எதுக்குப் பொருந்தாது: வெண்ணெயையும் சீனியையும் அடித்துக் காற்றேற்றிச் செய்யும் கேக்குக்குச் சரிப்படாது, கேக் கனமா உட்கார்ந்துடும். மொறுமொறு பிஸ்கட் மெத்துனு ஆயிடும். அதிரசத்துக்கு வெல்லப் பாகுதான் கை கொடுக்கும். குலாப் ஜாமூன் ஊற வைக்க இதை ஊற்றுவது காசுக்குப் பிடித்த கேடு.

போத்தலைத் திறந்த பிறகு ஐஸ் பெட்டியில் வைங்க. நம்ம ஊர் வெக்கைக்கு வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

சைவம் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல். சிரப் காய்ச்சும்போது நுரை பொங்கும். அதை அடக்க ஒரு துளி கொழுப்பு விடுவாங்க. அந்தக் காலத்தில் வெண்ணெய், சில இடங்களில் பன்றிக் கொழுப்பும் போட்டிருக்காங்க. இப்போ பெரும்பாலும் தாவர எண்ணெய்தான். ஆனாலும் பூஜைக்கோ விரதத்துக்கோ பயன்படுத்துவதாக இருந்தால், சைவம் அல்லது வீகன் என்று போட்டிருக்கும் போத்தலாப் பார்த்து வாங்குங்க.

இனி ஆலயப் பிரசாதத்துக்கு வருவோம். இங்கே எங்கள் கருத்து, வெல்லமே இருக்கட்டும் என்பது.

முதல் காரணம் செலவு. கட்டுப்பாட்டு விலைச் சீனி கிலோ 2 வெள்ளி 85 காசு. 250 மில்லி மேப்பிள் சிரப் பேரங்காடியில் 30, 40 வெள்ளி சொல்றாங்க. அந்தப் போத்தலில் சுமார் 220 கிராம் சீனிதான் இருக்கு. 1 கிலோ சீனியின் இனிப்பு வரணும்னா நாலரை போத்தல் வேணும், 135 வெள்ளிக்குக் குறையாது. ஒரு விசேஷத்துக்கு 10 கிலோ அரிசியில் பொங்கல் வைக்கிறோம், 12 கிலோ வெல்லம் போடுறோம். அதை மேப்பிளுக்கு மாற்றினால் 40 போத்தலுக்கும் மேலே வேணும், 1,200 வெள்ளிக்கும் மேலே ஆகும். அந்தக் காசில் அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம்னு நீங்களே கணக்குப் போடுங்க. இத்தனைக்கும் பக்தர் உடம்புக்குள் போகிற சீனி குறையப் போவது இல்லை.

"சாமிக்குச் செய்வதில் கணக்குப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாமிக்கு விலை உயர்ந்தது, மலிவானது என்ற பேதம் இல்லை என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றோம். ஒரு தோட்டத் தொழிலாளி கொண்டு வந்து வைத்த ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கும் அதே தீபாராதனைதான். உங்கள் வீட்டுப் பூஜையில் மேப்பிள் சிரப்பை வைத்துப் படைத்தால் யாரும் தடுக்கப் போவது இல்லை. ஆனால் பொதுப் பணத்தில், பொது மக்களுக்குக் கொடுக்கும் பிரசாதத்தில், "நோய்க்கு நல்லது" என்ற பேரில் அதைக் கொண்டு வரக் கூடாது. அப்படிக் கொண்டு வந்தால், பிரசாதம் கொடுக்கும் கையே ஒரு தப்பான தகவலையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகும். பிரசாதக் கையிலிருந்து வரும் வார்த்தையைப் பெரியவங்க கேள்வி கேட்காமல் நம்புவாங்க. அதனால்தான் நமக்குப் பொறுப்பு அதிகம்.

இரண்டாவது காரணம், இதை விடச் சுலபமான வழி இருக்கு. பொருளை மாற்றாதீங்க, அளவைக் குறைங்க. முன்னே எல்லாம் 1 கிலோ அரிசிக்கு 2 கிலோ வெல்லம் போட்டுப் பொங்கல் வைப்போம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு இப்போ ஒன்றேகால் கிலோவுக்கும் கீழே வந்திருக்கோம். ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் நெய்யில் வறுத்த முந்திரியும் மணமா இருந்தால் இனிப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியல. யாரும் வந்து "பொங்கல் சப்புன்னு இருக்கு" என்று சொன்னது இல்லை. காப்பிக் கடையில் போய் "கூராங் மானிஸ்" என்று தே தாரிக் கேட்கிற நாம், மடப்பள்ளியிலும் அதையே கேட்கலாம் இல்லையா? இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் இருந்து அரசாங்கமே வரி போட்டு இனிப்பைக் குறைக்கச் சொல்லுது. ஆலயம் அதுக்கு முன்னால் நிற்கணும், பின்னால் நிற்கக் கூடாது.

ஆகவே இந்த நவராத்திரிக்கு நாங்கள் உபயகாரர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்.

ஒன்பது நாளும் சுண்டல் முதலில், இனிப்பு பிறகு. இனிப்பு சின்னத் தொன்னையில். வேண்டும் என்கிறவர் மறுபடி கேட்கட்டும், நாமாக இரண்டாவது கரண்டி போட வேண்டாம். வீட்டில் செய்து கொண்டு வரும் கேக், பிஸ்கட், லட்டு எதுவானாலும் அதில் என்ன இனிப்பு சேர்த்தீங்க என்று ஒரு தாளில் எழுதி வைங்க. சீனி, வெல்லம், தேன், குலா மலாக்கா, மேப்பிள் எதுவாக இருந்தாலும் பேரைச் சொல்லுங்க. "சீனி இல்லை" என்று மட்டும் எழுதாதீங்க. அந்தச் சொல்லுக்குத் தகுதியான பாகு எதுவும் மரத்தில் இருந்து வருவது இல்லை. இனிப்பு நீர் உள்ளவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்க, எங்களிடமோ புலனத்திலோ கேட்காதீங்க.

மேப்பிள் சிரப் வாங்கித் தர்றோம் என்று சொன்ன அந்தக் குடும்பத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. அவங்க எண்ணம் உயர்ந்தது, பிறர் நோயை நினைத்துக் கேட்டிருக்காங்க. அந்தக் காசில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் வாங்கித் தந்தால், ஒன்பது நாள் சுண்டலும் அவங்க பேரில் நடக்கும், இனிப்பு நீர் உள்ளவர்களும் பயம் இல்லாமல் சாப்பிடலாம். இதை அவங்களிடம் நேரிலும் சொல்லியிருக்கோம்.

உங்கள் கருத்து வேறாக இருந்தால் கீழே எழுதுங்க, தாராளமா பேசலாம். சனிக்கிழமை காலையில் பாத்திரம் தேய்க்கவும் காய் வெட்டவும் ஆள் தேவைப்படுது. வந்தால் பேசிக்கிட்டே வேலையும் முடியும்.

அம்பாள் அருளால் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் இருக்கணும்.

இப்படிக்கு,
மடப்பள்ளித் தொண்டூழியர்கள்